குணா ஏன் ‘நோட்டட்’ போடவில்லை

சூப்பர்வைசர் என்றால் என்ன வேலை என்று யாராவது கேட்டால், சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று சொல்லிவிடுவேன். கிள்ளானை அடுத்த மேரு தொழிற்பேட்டையில் எங்கள் கிடங்கு. கோழி, இறால், ஆட்டிறைச்சி, ஐஸ்கிரீம் எல்லாம் மைனஸ் பதினெட்டு டிகிரியில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும். அவற்றை உள்ளே அடுக்கவும், வெளியே எடுத்து லோரியில் ஏற்றவும் பகல் ஷிப்டில் நாற்பது பேர். அந்த நாற்பது பேருக்கும் மேலே செல்வி என்கிற நான். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை.

நீங்களும் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர் என்றால் நான் படும் பாடு புரியும். காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு வருகிறவன் நேற்று எதையோ உடைத்திருப்பான். வயிற்றுவலிக்காரனுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் வயிறு வலிக்கும். இப்படி எல்லாரையும் கணித்து வைத்திருந்த என்னை ஒரே ஒருவன் மாதக்கணக்கில் திண்டாட வைத்தான். அவன் வேலைக்கே உலை வைக்கிற அளவுக்கு என் சந்தேகம் போனது. அதைத்தான் துண்டு துண்டாகச் சொல்லப்போகிறேன்.

மீன் வாங்காதே

எங்கள் மேனேஜர் பிரகாஷ் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எம்.பி.ஏ. படித்தவர். காரியம் ஆக வேண்டும் என்றால் ‘அக்கா’ என்பார், மற்ற நேரம் ‘செல்வி’. அவர் வந்ததும் செய்த முதல் காரியம், கைப்பேசியில் ‘மேரு ஃபேமிலி’ என்று ஒரு குரூப் திறந்தது. உத்தரவு எல்லாம் அதில்தான் வரும். வந்த பத்து நிமிடத்துக்குள் ‘நோட்டட் பாஸ்’ என்று பதில் போட வேண்டும். ஆரம்பத்தில் நானே ஷிப்ட் முழுவதற்கும் சேர்த்து ‘ஷிப்ட் ஏ ஆல் நோட்டட் பாஸ்’ என்று ஒரே பதிலாகப் போட்டுவிடுவேன், சிலர் தாங்களாகவும் போடுவார்கள். போன வருடம் அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொன்னார். இனி ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் போட வேண்டும், யாரிடமிருந்து பதில் வரவில்லையோ அவரிடம் சூப்பர்வைசர் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கீழே இருப்பவர்களைத்தான் எனக்குச் சந்தேகப்படத் தெரியும்.

ஒருநாள் காலையில், வேலை தொடங்குவதற்கு முன்பே, ‘அம்மா வராங்க, மீன் வாங்காதே, நேத்து வாங்கினதே இருக்கு’ என்று ஒரு மெசேஜ் வந்தது. மனைவிக்கு அனுப்பியதை பாஸ் கை தவறி எங்களுக்கு அனுப்பிவிட்டார். அதை அவர் அழிப்பதற்குள் முப்பத்தொன்பது ‘நோட்டட் பாஸ்’ விழுந்துவிட்டது. அவற்றுக்கெல்லாம் முன்னால் விழுந்தது என்னுடையது. அன்று மதியம் பாஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தபோது, கணக்குப் பிரிவில் இருக்கும் நூர்ஜஹான் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “நாங்க யாரும் மீன் வாங்கல பாஸ்.”

நீல டிக்

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பதில் என்றேன் அல்லவா? அந்த நாற்பதாவது ஆள் குணா. குணசேகரன். கோல்ட் ரூமில் சரக்குச் சரிபார்க்கிறவன். ஒன்பது வருடமாக எங்களிடம் இருக்கிறான். ஒரு பெட்டி குறைந்ததில்லை, ஒரு தேதி மாறினதில்லை. மேருவிலேயே வீடு. எட்டு மணி வேலைக்கு ஏழே முக்காலுக்கு வந்து நிற்பான். நல்ல பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன்.

அவன் குரூப்பில் பதில் போடுவதை நிறுத்திவிட்டான். முதல் இரண்டு மாதம் போன் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் பார்த்தேன், அவன் எல்லாவற்றையும் படிக்கிறான். அவன் பெயருக்கு நேரே நீல டிக் விழுகிறது. படித்துவிட்டு ஏன் சும்மா இருக்க வேண்டும்? படித்தவன் சும்மா இருந்தால் ஏதோ திட்டம் வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அவனை ஓரமாகக் கூப்பிட்டுப் படித்தாயா என்று கேட்டேன். படித்தேன் என்றான். சொன்ன வேலையைச் செய்தாயா என்றேன். செய்தேன் என்றான். பிறகு ஒரு ‘நோட்டட்’ போட்டால் விரல் தேய்ந்துவிடுமா என்றேன். என் முகத்தைப் பார்த்தான். கோபம் இல்லை, திமிரும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். பிறகு சாதாரணமாகச் சொன்னான்: “நீங்க வந்து சொல்லுங்கக்கா, செய்றேன்.”

கோழி ரெண்டு துண்டு

நூர்ஜஹானுக்கு அவனைப் பற்றி ஒரு யோசனை இருந்தது. அவள் கணவர் வீட்டார் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள். ஊரில் உள்ள எல்லாருடைய விரதமும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். குணா ஏதோ நேர்த்திக்கடன் வைத்திருக்கிறான், பத்துமலைக் கோயிலுக்குக் காவடி எடுக்கப்போகிறான், அதனால்தான் பேச்சைக் குறைத்திருக்கிறான் என்றாள். எனக்கும் அது சரி என்று பட்டது. நேர்த்திக்கடன் என்றால் மன்னித்துவிடலாம். சாமி விஷயத்தில் பாஸும் வாயைத் திறக்க மாட்டார்.

மறுநாள் மதியம் கேன்டீனில் அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவன் தட்டில் நாசி லெமாக் சோறு, அதன் மேல் இரண்டு துண்டு பொரித்த கோழி. விரதம் இருக்கிறவன் கோழியை இவ்வளவு சுத்தமாக எலும்பைக் கடித்துச் சாப்பிட மாட்டான். என் பார்வை போன இடத்தை அவனும் பார்த்தான். தூரத்திலிருந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த நூர்ஜஹான், நான் திரும்பி வந்ததும் தீர்ப்புச் சொன்னாள்: “அப்ப விரதம் இல்லக்கா. ஒங்க மேலதான் கோவம்.”

நூற்றிருபது எட்டு

என் மேசையிலிருந்து கோல்ட் ரூம் கதவு வரைக்கும் நூற்றிருபது எட்டு எடுத்து வைக்க வேண்டும். எண்ணியிருக்கிறேன். எனக்கு இடது முட்டியில் தேய்மானம். ஒரு நாளைக்கு எட்டு மெசேஜ் வந்தால் எட்டு முறை போய் வர வேண்டும். குளிர் அறைக்குள் போன் கொண்டு போகக்கூடாது, எல்லார் போனும் லாக்கரில்தான் இருக்கும். மற்றவர்கள் வெளியே வந்ததும் லாக்கரைத் திறந்து வரிசையாக ‘நோட்டட்’ போட்டுவிடுவார்கள். அவர்களுக்காக நான் நடப்பதில்லை. இந்த ஒருவனுக்காக மட்டும் கனத்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கதவைத் தள்ளித் திறந்து, அந்தக் குளிரில் நின்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். முட்டிக்கு ஆகாத குளிர். இவன் வேண்டுமென்றே என்னைப் பழிவாங்குகிறான் என்று வீட்டிலும் சொன்னேன், பக்கத்து வீட்டிலும் சொன்னேன்.

ஒருநாள், மூன்றாம் கதவின் உள்தாழ்ப்பாள் கெட்டுவிட்டது, உள்ளே இருப்பவர்கள் அதைச் சாத்த வேண்டாம் என்று மெசேஜ் வந்தது. திட்டிக்கொண்டே போய்க் கத்தினேன். அப்போது பின் வரிசையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு வங்காளதேசத்துக்காரர் அதே கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். என் சத்தம் கேட்டுக் கையை எடுத்தார். சாத்தியிருந்தால் வெளியிலிருந்து யாராவது திறக்கும்வரை உள்ளேயே நின்றிருப்பார். நான் அதை யோசிக்கவில்லை. குணாவைத்தான் முறைத்தேன். அவன் கையிலிருந்த அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டே சொன்னான்: “சத்தமா சொன்னீங்க, நல்லதுக்கா.”

பையைத் திற

இவ்வளவு அமைதியாக இருக்கிறவன் திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்று அடுத்து முடிவு செய்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்து போகும்போது அவன் தோளில் ஒரு கறுப்புப் பை. மற்ற நாளில் கிடையாது. பெரிய இறால் பெட்டி உள்ளே போகிற அளவு இல்லை என்றாலும் இரண்டு பொட்டலமாவது போகும். வாசல் காவலாளியை அருகில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை பையைத் திறக்கச் சொன்னேன். மற்ற தொழிலாளர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

உள்ளே ஒரு தைலப் பாட்டில், ஒரு பாக்கெட் பிஸ்கட், தடித்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடி. அவ்வளவுதான். காலுறை புதிது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. இதெல்லாம் யாருக்கு என்று கேட்டேன். பையை மூடாமலேயே யோசித்துக்கொண்டு நின்றேன். திருடனாக இருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கையை நீட்டினான்: “தேடி முடிச்சிட்டீங்கன்னா ஜிப்ப மூடிக் குடுங்கக்கா.”

பண்டமாரான்

அடுத்த சனிக்கிழமை என் காரில் அவன் மோட்டார் சைக்கிளைப் பின்தொடர்ந்தேன். இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ள ஒரு சூப்பர்வைசர் செய்கிற வேலையா இது என்று கேட்காதீர்கள். மேருவில் வீடு இருக்கிறவன் வீட்டுக்குப் போகாமல் கிள்ளான் டவுனைத் தாண்டித் துறைமுகப் பக்கம் போனால் நீங்களும்தான் போவீர்கள். துறைமுகத்தில் எங்களுக்குப் போட்டிக் கம்பெனிகள் இரண்டு இருக்கின்றன. சரக்கு விவரத்தை அங்கே விற்கிறான் என்று பாதி வழியிலேயே எனக்கு உறுதியாகிவிட்டது.

அவன் பண்டமாரானில் ஒரு சின்ன வீட்டு வாசலில் நிறுத்தினான். கேட்டைத் திறக்க ஊன்றுகோலுடன் ஒருவன் வந்தான். மோகன். போன வருடம் எங்கள் சரக்கு ஏற்றும் லோடிங் பேயில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி உருண்டு, தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் வலது கால் மாட்டிக்கொண்டவன். பிரேக் கெட்டுப்போன வண்டி அது. அதை எடுக்கக்கூடாது என்று குரூப்பில் மெசேஜ் வந்த பிறகும் அதில் ஏறினான், அவனுடைய கவனக்குறைவு என்று விசாரணையில் எழுதி, ராஜினாமா வாங்கி அனுப்பிவிட்டார்கள். எனக்கும் அப்போது மோகன் மேல் கோபம்தான். படித்துவிட்டு ஏன் ஏறினான்? இப்போது அவனும் குணாவும் ஒரே வீட்டில். இரண்டு பேரும் சேர்ந்து கம்பெனி மேல் வழக்குப் போடப்போகிறார்கள், இவன் குரூப்பில் வாயைத் திறக்காமல் ஆதாரம் சேர்க்கிறான். எல்லாம் பொருந்தியது. திங்கட்கிழமை பாஸிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அக்கா, ஒங்கள மாதிரி ரெண்டு பேர் இருந்தா எனக்கு சிசிடிவி வேணாம்.”

பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பெற்றுக்கொண்டேன்

அந்த வாரமே குணாவுக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. கம்பெனி உத்தரவுகளுக்குத் தொடர்ந்து பதில் தராமல் இருப்பது, ஒழுங்கீனம், வேலையிலிருந்து ஏன் நீக்கக்கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் உள்ள தலைமை அலுவலகத்தில் விசாரணை என்றும் போட்டிருந்தார்கள். அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகள் இரண்டு. மனைவிக்கு வேலை இல்லை. கடிதத்தைக் கொடுத்தபோது இது என் ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் கொடுத்தேன்.

அவன் முழுவதையும் நின்றுகொண்டே படித்தான். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜாக்கெட்டை மாட்ட ஆரம்பித்தான். கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டிய தாளை நீட்டினேன். அதைப் பார்த்தான், வாங்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான். பாஸ் என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை தாளில் இப்படிப் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நூர்ஜஹான் கேட்டாள்: “என்ன எழுதியிருக்குன்னு நீங்க பாத்தீங்களா அக்கா?”

மேலே தள்ளத் தள்ள

விசாரணைக்கு ஆதாரம் வேண்டும். குணா எந்த நாளிலிருந்து பதில் போடவில்லை, எத்தனை மெசேஜ் என்று பட்டியல் எடுக்கச் சொன்னார் பாஸ். நூர்ஜஹானும் நானும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து குரூப்பை மேலே தள்ளிக்கொண்டே போனோம். பதினொரு மாதம் மேலே போனபோது குணாவின் கடைசி ‘நோட்டட் பாஸ்’ கிடைத்தது. அதற்கு மேலே இருந்த பாஸ் மெசேஜைப் படித்தேன். மோகனை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது, யாரும் வெளியில் எதுவும் பேச வேண்டாம், பதினொரு மணிக்குள் எல்லாரும் வேலைக்குத் திரும்புங்கள் என்று இருந்தது. மோகனைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றியவன் குணாதான். ஏற்றிவிட்டு வந்து, லாக்கரைத் திறந்து, பழக்கத்தில் ‘நோட்டட்’ என்று தட்டியிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினேன். காலை ஒன்பது பன்னிரண்டு: ‘இரண்டாம் நம்பர் ஃபோர்க்லிஃப்ட் பிரேக் சரியில்லை, யாரும் எடுக்க வேண்டாம்.’ ஒன்பது பதின்மூன்று: ‘ஷிப்ட் ஏ ஆல் நோட்டட் பாஸ்.’ போட்டது நான். பக்கத்தில் ஒரு கும்பிடு பொம்மை வேறு. அன்று அந்த நேரத்தில் நான் பேன்ட்ரியில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மெசேஜைப் படித்ததாக ஞாபகமே இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து கோல்ட் ரூம் பதிவேட்டை எடுத்தேன். குளிரில் அதிக நேரம் இருக்கக்கூடாது என்பதற்காக யார் எப்போது உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று எழுதி வைக்கிற நோட்டு. என் கையெழுத்தில்தான் இருக்கும். மோகன், குணா, உள்ளே எட்டு ஐம்பது, வெளியே ஒன்பது முப்பது. மெசேஜ் வந்தபோது இரண்டு பேர் போனும் லாக்கரில். மோகன் வெளியே வந்த கையோடு வண்டியில் ஏறியிருக்கிறான். அவன் படிக்கவே இல்லை. அவனுக்கும் சேர்த்துப் ‘படித்தாகிவிட்டது’ என்று சொன்னது நான். அந்தக் குரூப் பக்கத்தின் நகலை மோகனின் விசாரணையில் கம்பெனி வைத்தபோது, சரியான நகல் என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான்.

எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல வேண்டும், ஆனால் முதலில் வந்தது பயம். இந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கவில்லை, இழுப்பறையை மூடிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நூர்ஜஹான் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சோற்றுப் பொட்டலத்தை மடித்து ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “நான் பாத்துட்டேன்க்கா.”

ஒரே ரயில் பெட்டி

விசாரணை நாளன்று கிள்ளான் ஸ்டேஷனில் குணா நின்றுகொண்டிருந்தான். நான் பார்க்காத மாதிரி தள்ளிப் போனேன். ஆனால் ரயில் வந்தபோது இரண்டு பேரும் ஒரே பெட்டியில் ஏறிவிட்டோம். கூட்டம். அவன் எனக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டான். நான் வேலையை விட்டுத் துரத்தப் பார்க்கிற ஆள் என் முட்டியை விசாரிக்கிறான். என் மடியில் இருந்த பைக்குள் பதிவேடு இருந்தது. எடுத்துப்போவது என்று முடிவு செய்திருந்தேனே தவிர, எடுத்து நீட்டுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

சுபாங் தாண்டியதும் அவனாகவே பேசினான். அன்று வெளியே வந்ததும் இரண்டாம் நம்பர் சும்மா நிற்கிறது, அதை எடுத்துக்கொள் என்று மோகனிடம் சொன்னது தான்தான் என்றான். அது அவன் மனதிலிருந்து போகவில்லை, சனிக்கிழமை சனிக்கிழமை தைலமும் பிஸ்கட்டும் கொண்டு போவது அதனால்தான். அந்தக் காலுக்குக் குளிரே ஆகாதாம். பிறகு என் ‘ஆல் நோட்டட்’ பற்றியும் தனக்கு அன்றே தெரியும் என்றான், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. அப்படியென்றால் அன்றைக்கே என்னிடம் வந்து கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை என்றேன். அவன் சிரிக்கவில்லை: “கேட்டிருந்தா நீங்க அதுக்கும் நோட்டட்னுதான் சொல்லிருப்பீங்கக்கா.”

பிரிக்பீல்ட்ஸ்

விசாரணை அறையில் பாஸும், தலைமை அலுவலகத்தின் பணியாளர் பிரிவு அதிகாரியான ஓர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ் பட்டியலை வாசித்தார். எல்லாம் நான் எடுத்துக்கொடுத்த பட்டியல். ஏன் பதில் போடுவதில்லை என்று அந்த அம்மா குணாவைக் கேட்டார். இத்தனை மாதம் நான் எத்தனையோ விதமாகக் கேட்டும் வராத பதில் அங்கே வந்தது. பதில் போட்டுவிட்டால் அக்கா வர மாட்டார்கள், போடாவிட்டால்தான் நேரில் வந்து சொல்கிறார்கள், சொன்னால் போன் கையில் இல்லாத எல்லாருக்கும் காதில் விழுகிறது என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அந்த மூன்றாம் கதவு ஞாபகம் வந்தது. கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த அந்த மனிதர் ஞாபகம் வந்தார். அந்த நூற்றிருபது எட்டையும் என்னை நடக்க வைத்தது இவன். நான் அதை முட்டிவலிக் கணக்கில் வைத்திருந்தேன்.

பையைத் திறந்து பதிவேட்டை மேசையில் வைத்தேன். மோகன் மெசேஜைப் படிக்கவில்லை, படிக்க வழியும் இல்லை, அவனுக்காக நான் படிக்காமலேயே பதில் போட்டேன், வண்டியின் சாவியை எடுத்து வைத்திருக்க வேண்டியதும் நான்தான் என்று சொன்னேன். முழுவதையும் சொன்னேன். மோகன் அடிபட்ட பிறகு மட்டும் ஏன் ‘ஆல் நோட்டட்’ போடக்கூடாது என்று உத்தரவு வந்தது என்றும் கேட்டேன். அதைப் பாஸின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். அந்த அம்மா பதிவேட்டின் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். மோகனின் விசாரணையைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும், அதுவரை குணாவின் விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது என்றார். பாஸ் பட்டியலை மடித்துக்கொண்டே என்னிடம் குனிந்து சொன்னார்: “இது இன்னிக்கு அஜெண்டாவுல இல்லையே, செல்வி.”

மறுவாரம் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. விளக்கம் கேட்டுத்தான். ‘பெற்றுக்கொண்டேன்’ தாளை பாஸ் நீட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன், பின்பக்கத்தைத் திருப்பியும் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. இருபது நிமிடம் அவர் நின்றுகொண்டிருந்தார்.

மீண்டும் பண்டமாரான்

அடுத்த சனிக்கிழமை நானும் பண்டமாரானுக்குப் போனேன். இந்த முறை பின்னால் இல்லை, குணாவின் மோட்டாருக்கு முன்னால் போய் அவன் வருவதற்குக் காத்திருந்தேன். மோகன் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வலது காலில் அந்தக் கம்பளிக் காலுறை. மோகனின் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. பதிவேட்டின் நகலையும், என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தையும் மோகனிடம் கொடுத்தேன். மறு விசாரணையில் என்ன ஆகும் என்று தெரியாது, என் வேலை இருக்குமா என்றும் தெரியாது, ஆனால் எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன் என்றேன். மன்னித்துவிடு என்று கேட்டேன்.

அவன் இரண்டு தாளையும் படித்தான். படித்து முடித்து, திரும்ப முதலிலிருந்து படித்தான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தாள்களை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்: “அன்னிக்கு கோல்ட் ரூம் வரைக்கும் நடந்திருந்தீங்கன்னா, இன்னிக்கு பண்டமாரான் வரைக்கும் வந்திருக்க வேணாம்க்கா.”

இப்போது எந்த மெசேஜ் வந்தாலும் நானே நடந்து போய், கதவைத் திறந்து, எல்லாருக்கும் சத்தமாகச் சொல்கிறேன். குணா இன்னும் பதில் போடுவதில்லை, நானும் கேட்பதில்லை. இத்தனை வருடம் நாற்பது பேரின் முகத்தையும் பையையும் வீட்டு வாசலையும் சந்தேகப்பட்டவளுக்கு, ‘நோட்டட்’ தட்டிய தன் கட்டைவிரல் மேல் மட்டும் ஒருநாளும் சந்தேகம் வரவில்லை.